ராக் சக்கர் பிரஸ்: 22 வருஷமா கை ஆட்டுனவன் சொல்றேன்

கூட வேலை பாக்குற தம்பி ஒருத்தன் போன மாசம் .44 மேக்னம் ரிவால்வர் ஒண்ணு வாங்கினான், அதை வச்சு மான் வேட்டைக்குப் போகணும்னு ஆசை, தோட்டாவையும் தானே கெட்டிக்கணும்னு (சுட்ட காலிக் கூட்டுல திரும்ப வெடிமருந்தும் குண்டும் வச்சு, அதான் ரீலோடிங்) அதைவிட பெரிய ஆசை. "அண்ணே, கையை ஒரு தடவை இழுத்தா ஒரு தோட்டா வந்து விழுதே அந்த ப்ரோக்ரெசிவ் மெஷின் வாங்கவா, இல்ல உங்ககிட்ட இருக்குற மாதிரி அந்தக் காலத்து இரும்பு ஒண்ணு வாங்கவா"ன்னு கேட்டான். நான் பதில் சொல்ல ஆரம்பிச்சேன், முக்கால் மணி நேரம் ஆச்சு, கடைசில "அண்ணே இதை அப்படியே எழுதிக் குடுத்துடுங்களேன்"னு சொல்லி எஸ்கேப் ஆகிட்டான். அதான் இது. என்கிட்ட இருக்குறது ஆர்சிபிஎஸ் கம்பெனியோட ராக் சக்கர் பிரஸ், தோட்டா கெட்டுற கை மெஷின், 22 வருஷமா அதே பிரஸ், அதே மேஜை.

முதல்ல ஒரு விஷயம். கைத்துப்பாக்கி வேட்டையோ வீட்ல தோட்டா கெட்டுறதோ உங்க ஊர் சட்டம் இடம் குடுத்தா மட்டும்தான், அதைக் கேட்டுத் தெரிஞ்சுட்டு மேல படிங்க. இடம் குடுக்குற ஊர்லகூட எந்த காலிபர் (தோட்டா அளவு) வரைக்கும் ஆகும், பேரல் (குழல்) எத்தனை அங்குலம் இருக்கணும்னு இடத்துக்கு இடம் கணக்கு மாறும்.

சரி பிரஸ்ஸுக்கு வருவோம். பாக்க பெருசா ஒண்ணும் இருக்காது. வார்ப்பிரும்புல ஓ வடிவத்துல ஒரு சட்டம், நடுவுல தடியா ஒரு தண்டு, ராம்னு பேரு, மேலயும் கீழயும் ஓடும், பக்கத்துல ஒரு நீளமான கைப்பிடி, முனையில ஒரு குமிழ். மேல மரை போட்ட ஓட்டை, அதுல டையை (கூட்டை அழுத்தி வடிவம் குடுக்குற அச்சை) திருகி வைக்கணும். அந்த மரை 7/8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 14 சுத்து, இதுதான் கிட்டத்தட்ட எல்லா கம்பெனி டைக்கும் பொதுவான அளவு, அதனால வேற கம்பெனி டை வாங்கினாலும் பயம் இல்லாம மாட்டலாம். ராம் தலையில ஷெல் ஹோல்டர்னு ஒரு சின்ன வில்லை, அதுல பித்தளைக் கூட்டை (காலித் தோட்டாவை) சொருகிட்டு கைப்பிடியை அழுத்தினா கூடு மேல போய் டைக்குள்ள நுழையும். அவ்வளவுதான். ஒரு நேரத்துல ஒரு டை, ஒரு கூடு, ஒரு வேலை. இதைத்தான் சிங்கிள் ஸ்டேஜ்னு சொல்றாங்க.

பேரு எப்படி வந்ததுன்னு ஒரு குட்டிக் கதை இருக்கு, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை. அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம் ஓரோவில்னு ஒரு ஊரு, அங்க ஃப்ரெட் ஹண்டிங்டன்னு ஒருத்தர், இரண்டாம் உலகப் போர் நேரம், நல்ல குண்டு எங்கயும் கிடைக்கல. அவர் என்ன பண்ணார்னா சுட்டுப் போட்ட .22 ரிம்ஃபயர் கூட்டைப் பொறுக்கி அதையே மேலுறையா வச்சு உள்ள ஈயத்தை வச்சு அழுத்தி சின்ன குண்டு பண்ற டை ஒண்ணு செஞ்சார். ராக் சக்னா மலைப்பாறையில இருக்குற ஒரு வகை மார்மட் (அணில் ஜாதிப் பெரிய பிராணி), அதைச் சுடத்தான் அந்தக் குண்டு. ராக் சக் புல்லட் ஸ்வேஜ்ங்கற அந்த டையோட பேர்தான் சுருங்கி 1943ல ஆர்சிபிஎஸ்னு கம்பெனி ஆச்சு. தட்டுப்பாட்டுல பொறந்த பொழுதுபோக்கு இது, அதனாலதானோ என்னவோ ரீலோடிங் பண்றவன் எவனும் ஒரு காலிக் கூட்டைத் தரையில விட்டுட்டு வரமாட்டான், குனிஞ்சு குனிஞ்சு பொறுக்குவான், முதுகு வலிக்குதுன்னு வீட்ல வந்து பொலம்புவான்.

இப்ப தம்பி கேட்ட கேள்வி. வேகமான மெஷினா, மெதுவான மெஷினா?

கணக்கு பாருங்க. ராக் சக்கர்ல நான் நிதானமா பண்ணினா ஒரு சாயங்காலத்துக்கு 50 தோட்டா, மூடு நல்லா இருந்தா 100. ப்ரோக்ரெசிவ்ல ஒரு மணி நேரத்துலயே சில நூறு தட்டிடலாம். போட்டிக்கு சுடறவனுக்கு வாரத்துக்கு ஆயிரம் வேணும்னா அவன் இந்தப் பக்கமே வரவேண்டாம், வந்தா கை கழண்டுடும். ஆனா கைத்துப்பாக்கி வேட்டைக்காரனுக்கு ஒரு சீசனுக்கு எத்தனை தோட்டா வேணும்? காட்டுல சுடறது ஒண்ணு, ரெண்டு. சில வருஷம் ஒண்ணுகூட இல்ல. பழகறதுக்கும் சைட் செட் பண்றதுக்கும் சில நூறு. அந்த ஒண்ணு ரெண்டு மேல எனக்கு துளி சந்தேகம்கூட இருக்கக்கூடாது. வேகம் எனக்கு எதுக்கு?

இதை நான் பட்டுத் தெரிஞ்சுகிட்டேன். ஆறாவது ஏழாவது வருஷம் இருக்கும், எனக்கும் அந்த வேக ஆசை வந்துச்சு, ஒரு ப்ரோக்ரெசிவ் வாங்கினேன், எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க, தப்பு அதோடது இல்ல என்னோடது. தட்டு சுத்தற மெஷின், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு கூடு அடுத்த இடத்துக்குப் போகும், ஒரு இடத்துல கேப்பு (மருந்தைப் பத்த வைக்கிற பிரைமர்) ஏறும், ஒரு இடத்துல வெடிமருந்து விழும், ஒரு இடத்துல குண்டு உக்காரும். தட்டை கையால சுத்தணும். நடுவுல ஃபோன் வந்துச்சு, எடுத்துப் பேசிட்டே தட்டை ஒரு தடவை கூட சுத்தி விட்டுட்டேன் போல, ஒரு கூடு மருந்து விழுற இடத்தைத் தாண்டிப் போயிடுச்சு. மறுநாள் ரேஞ்சுல (சுட்டுப் பழகற இடத்துல) மூணாவது குண்டு சுடும்போது "டமால்"னு வரவேண்டிய இடத்துல "டொப்"புன்னு ஒரு சத்தம், யாரோ பாட்டில் மூடியைத் திறந்த மாதிரி. உதை இல்ல. தோட்டா நிக்கிற சிலிண்டர் சுத்த மாட்டேங்குது. வெறும் பிரைமரோட வேகத்துலயே குண்டு நகர்ந்து பாதி பேரலுக்குள்ள பாதி சிலிண்டருக்குள்ள மாட்டிகிட்டு நின்னுடுச்சு.

ஒரு விதத்துல அது என் நல்ல நேரம். குண்டு இன்னும் ரெண்டு அங்குலம் முழுசா பேரலுக்குள்ள போயிருந்தா சிலிண்டர் சுத்திருக்கும், நானும் "மிஸ்ஃபயர்"னு நினைச்சு அடுத்ததைச் சுட்டிருப்பேன், முன்னாடி அடைச்சுகிட்டு இருக்குற குண்டு மேல இன்னொரு குண்டு போய் மோதியிருக்கும். பேரல் வீங்கும், இல்ல வெடிக்கும். பக்கத்து மேஜையில இருந்த ஒரு பெரியவர் என் மூஞ்சியைப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லாம மரக்குச்சியும் சுத்தியும் எடுத்துக் குடுத்தார், குண்டைப் பின்னாடி தட்டி எடுத்தோம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த தோட்டா மொத்தத்தையும் பிரிச்சேன், ரெண்டு நாள் ஆச்சு. மெஷினை வித்துட்டேன்.

திரும்ப ராக் சக்கர். இதுல அந்தத் தப்பு நடக்கவே நடக்காதுன்னு சொல்லமாட்டேன், நடந்தா கண்ணுல படற மாதிரி இருக்கும். 50 ஓட்டை இருக்குற மரப்பலகையில, லோடிங் பிளாக்னு சொல்வோம், 50 கூடும் வரிசையா நிக்கும். எல்லாத்துக்கும் மருந்து ஊத்தி முடிச்சதும் டார்ச் அடிச்சு ஒவ்வொரு கூட்டுக்குள்ளயும் எட்டிப் பாப்பேன். எல்லாத்துலயும் மருந்து ஒரே உயரத்துல நிக்கணும். ஒண்ணு காலியா இருந்தாலும் ஒண்ணு ரெட்டிப்பா இருந்தாலும் பல்லு விழுந்த மாதிரி பளிச்சுன்னு தெரியும். இது அஞ்சு நிமிஷ வேலை. குண்டை உக்கார வைக்கறதுக்கு முன்னாடி மொத்த 50ஐயும் ஒரே பார்வையில பாக்க முடியுது பாருங்க, நான் இந்த பிரஸ்ஸுக்கு மார்க் போடறதே இதுக்குத்தான்.

இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, புதுசா வர்றவங்க கவனிங்க. வேகமா எரியற மருந்து .44 மேக்னம் கூட்டுல பாதிகூட நிரம்பாது, அதனால தெரியாம ரெண்டு தடவை ஊத்தினாலும் உள்ள போய் அமைதியா உக்காந்துக்கும், அதுதான் ஆபத்து. மெதுவா எரியற ஹெச்110 மாதிரி மருந்து கூட்டை கிட்டத்தட்ட நிரப்பிடும், ரெண்டு தடவை ஊத்தினா வழிஞ்சு மேஜையில கொட்டி உங்களைக் காட்டிக் குடுத்துடும். ஆனா அதுக்கு வேற ஒரு குணம் உண்டு, குறைச்சுப் போட்டா பிடிக்காது. "கொஞ்சமா போட்டா பத்திரம்"னு நம்ம மனசு சொல்லும், ஹெச்110 விஷயத்துல அது தலைகீழ், புக்ல இருக்குறதுல இருந்து 3 சதவீதத்துக்கு மேல குறைக்காதீங்கன்னு தயாரிப்பாளரே எச்சரிக்கை போட்டிருக்காங்க, குறைச்சா சரியா பத்தாம குண்டு பேரல்ல நிக்க வாய்ப்பு உண்டு. டபிள்யூ296ங்கறதும் இதே மருந்துதான், டப்பா மட்டும்தான் வேற. எத்தனை கிரெய்ன்னு (மருந்தை நிறுக்கற அளவு) நான் இங்க எழுதப் போறதில்ல, யார் எழுதினாலும் அதை நம்பி போடாதீங்க, மருந்து கம்பெனியும் குண்டு கம்பெனியும் போடற லோட் புக்கை வாங்கி அதுல குறைஞ்ச அளவுல ஆரம்பிங்க. .44 மேக்னத்தோட அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 36,000 பவுண்டு, அது உங்க உள்ளங்கையில இருந்து ஒரு சாண் தூரத்துல நடக்குது, அதை மறக்கக்கூடாது.

இப்ப கையில எப்படி இருக்குன்னு சொல்றேன், ஏன்னா இதுதான் எந்த விளம்பரத்துலயும் வராது. முதல் டை, கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்கி, பழைய பிரைமரை ஊசியால தள்ளி விடும். நல்ல கூடுன்னா கைப்பிடி ஒரு சீரா இறங்கும், நடுவுல லேசா ஒரு "டிக்", அது பிரைமர் கழண்டது. வெண்ணெய்க்குள்ள கரண்டியை இறக்குற மாதிரின்னு வச்சுக்கோங்க. அடிக்கடி சுட்டு பிரைமர் குழி தளர்ந்து போன கூடுன்னா அந்த "டிக்" இருக்காது, சும்மா நழுவி விழும். அதை அப்பவே தனியா போட்டுடலாம். வேக மெஷின்ல நாலு வேலை ஒரே இழுப்புல நடக்கறதால எந்த இடத்துல என்ன உறுத்துதுன்னு கைக்குப் புரியாது. இதுல ஒரு நேரத்துக்கு ஒரு வேலைங்கறதால கையே இன்ஸ்பெக்டர்.

ராக் சக்கரோட நெம்புகோல் அமைப்பு ரெட்டை மடக்கு, கைப்பிடி கீழ வர வர பலம் கூடிட்டே போகும், அதனால பெரிய ரைஃபிள் கூட்டைக்கூட முக்காம முனகாம அழுத்தலாம். கைத்துப்பாக்கிக் கூட்டுக்கு அந்த பலம் தேவையே இல்லன்னு சிலர் சொல்வாங்க, உண்மைதான், ஆனா பலம் தேவைப்படாததாலதான் விரல் நுனியால அழுத்த முடியுது, விரல் நுனியால அழுத்தினாதான் உறுத்தல் தெரியுது. கூடவே கார்பைடு (ரொம்பக் கடினமான பொருள்) டை வாங்கிடுங்க, .44, .357 மாதிரி நேர் சுவர் கூட்டுக்கு கார்பைடுன்னா எண்ணெய் பூச வேண்டாம். அந்த எண்ணெய் பூசி துடைக்கிற எரிச்சல்லயே பாதி பேர் இந்தப் பழக்கத்தை விட்டுட்டு ஓடிருக்காங்க.

விரிசல் விட்ட கூட்டைக் கண்டுபிடிக்கிறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தவர் ஒரு வித்தை காட்டினார். அஞ்சாறு கூட்டை உள்ளங்கையில போட்டு குலுக்குங்க. எல்லாம் நல்லா இருந்தா "கிலிங் கிலிங்"னு மணி மாதிரி சத்தம். ஒண்ணு விரிசல் விட்டிருந்தா அந்த சத்தத்துக்குள்ள ஒரு "கட கட"ன்னு செத்த சத்தம் கேக்கும். மண்பானையைத் தட்டிப் பாத்து வாங்குற அதே கணக்குதான். வாய் ஓரத்துல மயிரிழை மாதிரி கீறல் இருக்கும், கண்ணாடி போட்டாதான் தெரியும், காதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும். எனக்கு இப்ப கண்ணு போயிட்டு இருக்கு, காதும் கொஞ்சம் போயிட்டு இருக்கு (இளமையில காதுக்கு பஞ்சு மட்டும் வச்சு சுட்ட பாவம்), ஆனா இந்தச் சத்தம் மட்டும் இன்னும் தப்பறதில்ல.

தராசு பத்தி ஒரு வார்த்தை. நான் ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு வச்சிருந்தேன், எந்த கம்பெனின்னு விடுங்க, குளிர்ல ஆரம்பிச்சு அறை சூடாக சூடாக எண் தானா ஏறும். ஒரு நாள் சந்தேகம் வந்து எடைக்கல்லை வச்சுப் பாத்தா 0.3 கிரெய்ன் தள்ளிக் காட்டுது. 7,000 கிரெய்ன் சேர்ந்தாதான் ஒரு பவுண்டு, ஒரு கிரெய்ன்னா 65 மில்லிகிராம் கிட்ட, குண்டுமணி ஒண்ணோட எடையில சுமார் பாதி. அதுல பத்துல மூணு பங்குன்னா தூசி மாதிரின்னு தோணும், ஆனா உச்ச அளவுல நிக்கிற லோடுக்கு அந்த தூசியும் கணக்குல வரும். அன்னைக்கே பழைய பீம் தராசுக்கு மாறிட்டேன். ஒரு தண்டு, ரெண்டு நகர்த்துற எடை, ஆட்டத்தை நிறுத்த ஒரு காந்தம். பேட்டரி கிடையாது, பூமி இழுக்கற வரைக்கும் வேலை செய்யும். பவுன் நிறுக்கறவன் மாதிரி மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருப்பேன், வீட்டம்மா "அந்த மேஜைகிட்ட போனா உங்களுக்கு வீடு பத்திகிட்டாகூடத் தெரியாதுங்க"ன்னு சொல்வாங்க. மருந்து டப்பா வச்சிருக்குற ரூம்ல அந்த உவமையே வேண்டாம்னு சொல்லிருக்கேன்.

அடுத்தது கிரிம்ப், கைத்துப்பாக்கி வேட்டைக்குன்னே இருக்குற பிரச்சனை. ரிவால்வர்ல ஒரு குண்டு சுடும்போது உதை மொத்தமும் மிச்சம் அஞ்சு தோட்டாவையும் பின்னாடி வெடுக்குன்னு இழுக்கும். கூடு பின்னாடி போகும், குண்டு கனமா இருக்கறதால அங்கயே நிக்கப் பாக்கும், அதாவது குண்டு கூட்டுல இருந்து வெளிய ஊர்ந்து வரும். ரொம்ப வந்துட்டா மூக்கு சிலிண்டரைத் தாண்டி நீட்டிக்கும், சிலிண்டர் சுத்தாது. காட்டுல ரெண்டாவது தடவை சுட வேண்டிய நேரத்துல துப்பாக்கி பூட்டிகிச்சுன்னா என்ன பண்றது? அதுக்குத்தான் கூட்டோட வாயை குண்டு மேல இருக்குற பள்ளத்துக்குள்ள மடக்கி விடறது, ரோல் கிரிம்ப். சோதனை சுலபம். ஆறு தோட்டா போடுங்க, ஆறாவதோட நீளத்தை முதல்ல காலிப்பர்ல (நீளம் அளக்கற கருவி) அளந்து வைங்க, அஞ்சைச் சுடுங்க, ஆறாவதை எடுத்துத் திரும்ப அளந்து பாருங்க. நீளம் மாறலன்னா உங்க கிரிம்ப் பாஸ். சிங்கிள் ஸ்டேஜ்ல நான் குண்டை உக்கார வைக்கிறது ஒரு தடவை, கிரிம்ப் பண்றது தனியா இன்னொரு தடவை, ரெண்டையும் சேத்துப் பண்ணினா சில நேரம் குண்டு இறங்கிட்டு இருக்கும்போதே வாய் மடங்கி ஈயத்தைச் சீவிடும். கூட ஒரு சுத்து வேலைதான், எனக்குக் கவலை இல்ல.

இந்த .44 மேக்னமே கெட்டுற மேஜையில பொறந்த தோட்டாதான், இது நிறைய பேருக்குத் தெரியாது. எல்மர் கீத்னு ஒரு மாட்டுப்பண்ணை ஆளு, 1907ல வந்த .44 ஸ்பெஷல் கூட்டுல கனமான குண்டும் கூடுதல் மருந்தும் கெட்டி வருஷக்கணக்கா வேட்டையாடிட்டு, "இதை நீங்களே கம்பெனியில பண்ணுங்கய்யா"ன்னு எழுதி எழுதி நச்சரிச்சார். கடைசில ஸ்மித் அண்ட் வெஸ்ஸனும் ரெமிங்டனும் சேர்ந்து 1955ல .44 மேக்னத்தைக் கொண்டு வந்தாங்க. கூட்டை கொஞ்சம் நீளமாக்கினாங்க, புது தோட்டாவைப் பழைய ஸ்பெஷல் துப்பாக்கியில போட்டுடக்கூடாதுன்னு. அதுக்கு 20 வருஷம் முன்னாடி, 1935ல .357 மேக்னம் வந்தப்பவும் அதே கதை, .38 ஸ்பெஷல் கூட்டை எட்டுல ஒரு அங்குலம் நீட்டினது. டிக் கேசல்னு ஒரு துப்பாக்கி செய்யறவர் .45 கோல்ட் கூட்டை வச்சு சோதனை பண்ணிப் பண்ணிதான் .454 கேசல் தோட்டா வந்துச்சு. ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி தூங்காம தராசைப் பாத்துட்டு உக்காந்திருந்த ஒரு ஆள். 

வேட்டைன்னு சொல்லிட்டு அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலயேன்னு கேப்பீங்க. சொல்றதுக்கு கொஞ்சம்தான் இருக்கு. கைத்துப்பாக்கி வேட்டைன்னா பாதி நேரம் சுடாம இருக்கறதுதான். ரைஃபிள்காரன் 200 கஜத்துல சுடுவான், எனக்கு வெறும் சைட்டுன்னா 50 கஜம், அதுவும் குச்சியை ஊன்றி அது மேல கையை வச்சாதான். போன சீசன்ல ஒரு கிடா மான் 80 கஜத்துல பக்கவாட்டுல நின்னுச்சு, முழுசா கால் மணி நேரம் மேயுது. நான் துப்பாக்கியோட சுத்தியலைத் தூக்கவே இல்ல. முன் சைட்டோட முனை மங்கலா தெரியுது, அதோட அகலம் மானோட மார்புல பாதியை மறைக்குது, அப்படி இருக்கும்போது எங்க படும்னு சத்தியம் பண்ண முடியாது. காத்து திரும்புச்சு, அது மூக்கைத் தூக்கிச்சு, போயிடுச்சு. தோளுக்குப் பின்னாடி நுரையீரல்ல சரியா விழும்னு உறுதியா தெரியாத குண்டை விடக்கூடாது, விட்டா அது அடிபட்டு எங்கயோ போய் கிடக்கும். அந்த ராத்திரி வந்து அந்த ஆறு தோட்டாவையும் துடைச்சு டப்பால வச்சேன், அடுத்த நாளும் அதே ஆறுதான்.

இதுக்கும் பிரஸ்ஸுக்கும் என்ன சம்பந்தம்னா, எனக்கு அந்த 50 கஜம் வரைக்கும் நம்பிக்கை இருக்குன்னா அது தோட்டா ஒண்ணுக்கொண்ணு மாறாம இருக்கறதால. க்ரோனோகிராஃப்ல வேகத்தை அளந்து பாத்தா நிதானமா நிறுத்து நிறுத்து கெட்டினதுக்கும் அவசரமா கெட்டினதுக்கும் வித்தியாசம் அப்படியே தெரியும். அவசரத்துல கெட்டினது ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு தாறுமாறா போகும்.

வயசு ஆக ஆக இன்னொரு லாபமும் தெரியுது. மணிக்கட்டு இப்ப முழு மேக்னம் லோடை ஒரு டப்பா சுட்டாலே மறுநாள் காபி டம்ளரைத் தூக்க முனகுது. கடையில வாங்கற தோட்டான்னா முழு உதைதான். நானே கெட்டறதால பழக்கத்துக்கு .44 ஸ்பெஷல் அளவுல மென்மையா, அதுக்குன்னு புக்ல இருக்குற வேற மருந்துல கெட்டிக்கறேன், வேட்டைக்கு முந்தின மூணு வாரம் மட்டும் முழு லோடு. ஸ்பெஷல் கூட்டையே மேக்னம் சிலிண்டர்ல போட்டு சுடலாம், ஆனா கூடு குட்டையா இருக்கறதால சிலிண்டருக்குள்ள கரி வளையம் படியும், அப்புறம் மேக்னம் கூடு உள்ள போக முரண்டு பிடிக்கும். தேய்ச்சுக் கழுவறதுக்கு சோம்பேறித்தனம் இருந்தா மேக்னம் கூட்டுலயே மென்மையான லோடு கெட்டிக்கோங்க.

குறைன்னு பாத்தா. மெதுவு, அதை சொல்லியாச்சு. கனம், சாதாரண மேஜையில மாட்டினா மேஜை ஆடும், தடிமனான பலகையில போல்ட் போட்டு, முடிஞ்சா மேஜையையே சுவத்தோட பிணைச்சு வைங்க. டை மாத்தும்போது ஒவ்வொரு தடவையும் திருகணும், பூட்டு வளையத்தை ஒரு தடவை சரியா இறுக்கி வச்சுட்டா திரும்ப அளக்க வேண்டாம், ஆனாலும் திருகற வேலை இருக்கு. பிரஸ்லயே பிரைமர் ஏத்தற கை இருக்கு, நான் அதைத் தொடறதில்ல, கையில பிடிச்சு அழுத்தற தனி பிரைமர் கருவி வச்சிருக்கேன், கட்டை விரல்ல பிரைமர் அடி தட்டி உக்காருற அந்த உணர்வு எனக்குப் பிரஸ்ல கிடைக்கல, இது என் ருசி. இந்த மாதிரி ஓ சட்ட பிரஸ் எதுவா இருந்தாலும் பழைய பிரைமர் கரித்தூளை ராம் பக்கம் கொஞ்சம் தள்ளும், வாரம் ஒருக்கா துடைச்சு ஒரு சொட்டு எண்ணெய். அந்தக் கரியில ஈயம் இருக்கு, கெட்டி முடிச்சதும் சோப்பு போட்டு கை கழுவாம எதையும் வாயில வைக்காதீங்க, அந்த மேஜையில வச்சு சாப்பிடவே சாப்பிடாதீங்க. கண்ணாடி போடுங்க. மேஜையில ஒரு நேரத்துல ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும், ரெண்டு டப்பா திறந்திருந்தா என்னைக்காவது ஒரு நாள் மிச்சத்தை தப்பான டப்பால கொட்டுவீங்க, நான் ஒரு தடவை கொட்டினேன், ஒரு முழு டப்பா மருந்தையும் எடுத்துப் போய் அழிக்க வேண்டியதாச்சு.

யாருக்கு வேண்டாம்? வருஷத்துக்கு ஒரு டப்பா சுடறவனுக்கு எந்த பிரஸ்ஸும் வேண்டாம், கடையில வாங்கிக்கலாம். காசு மிச்சம் ஆகும்னு நினைச்சு வர்றவனுக்கும் வேண்டாம், மிச்சம் ஆகாது தம்பி, அதே காசுக்கு இன்னும் அதிகமா சுடுவ, அவ்வளவுதான். பொறுமை இல்லாதவனுக்கு, ஃபோனைத் தூர வைக்க முடியாதவனுக்கு கண்டிப்பா வேண்டாம். அஞ்சு மார்க்குக்கு நான் நாலே முக்கால் போடறேன், கால் மார்க் திருகற டைக்குப் போச்சு.

பழசு வாங்கலாமான்னா தாராளமா வாங்கலாம், வார்ப்பிரும்பு சாகறதில்ல. ராமை மேல ஏத்தி விரலால பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க, லொட லொடன்னு ஆடினா விட்டுடுங்க. டை திருகற மரையில ஒரு டையைக் கையாலயே திருகிப் பாருங்க, கடைசி வரைக்கும் மென்மையா போகணும். ராம்ல துரு குழி குழியா இருக்கான்னு பாருங்க, மேலோட்டமான துருன்னா எண்ணெய் போட்டுத் தேய்ச்சா போயிடும். பெயின்ட் உரிஞ்சிருந்தா, கைப்பிடி குமிழ் பளபளன்னு தேஞ்சு போயிருந்தா விலையைக் குறைச்சுக் கேளுங்க, ஆனா வாங்கிடுங்க, என்னோடதும் அப்படித்தான் இருக்கு.